அறையில்லாத கிதார்: நேரடி ஒலிப்பதிவு குறித்துச் சில குறிப்புகள்

எலெக்ட்ரிக் கிதாரை ஆம்ப்ளிஃபயர், மைக், ஸ்டுடியோ என்று எந்தப் பரிவாரமும் இல்லாமல் ஒரே ஒரு ஒயர் வழியாக வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் செருகிப் பதிவு செய்கிற காரியம் குறித்து இரண்டு வகைப் பேச்சுகள் புழங்குகின்றன. ஒன்று கொண்டாட்டம்: இசை ஜனநாயகப்பட்டுவிட்டது, இனி வீட்டுக்கு வீடு ஒலிப்பதிவுக்கூடம்தான். மற்றது ஒப்பாரி: வால்வு ஆம்ப்ளிஃபயரின் அந்தக் கதகதப்பு போச்சே, உயிர் போச்சே. முதல் பேச்சை விற்கிறவர்கள் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பேசுகிறவர்கள் ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்கள். இரண்டு தரப்பும் சண்டை போடுவதுபோல் தெரிந்தாலும் நிற்கிற தளம் ஒன்றுதான்: ஒலி என்பது ஒரு பண்டத்துக்குள் குடியிருக்கிறது, அந்தப் பண்டம் எது என்பதுதான் கேள்வி. இந்தத் தளத்திலேயே நின்றுகொண்டு ‘வால்வா, சாஃப்ட்வேரா’ என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. கிதார் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போகும்போது உண்மையில் காணாமல் போவது அறை. அறை சொத்து சம்பந்தப்பட்ட விஷயம். அதோடு, அறை பதில் பேசும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் இந்த நடைமுறையை வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் காரியம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்; நம் விமர்சகர்கள் பலருக்கு இசை என்றாலே பாடல் வரிகள்தான், கருவியின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். கிதாரின் தந்திகளுக்குக் கீழே பிக்கப் என்றொரு உறுப்பு இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. எஃகுத் தந்தி அதிர்ந்தால் இந்தச் சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கும். அதைச் சும்மா கம்ப்யூட்டரின் சாதாரண உள்ளீட்டில் செருகினால் கம்பளி போர்த்தின மாதிரி மந்தமாக வரும். மேல் அதிர்வுகளை உள்ளீடு தின்றுவிடும். அதனால் கிதாருக்கென்றே சுமார் 10 லட்சம் ஓம் மின்தடை கொண்ட உள்ளீடு வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகளில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது இந்தக் காரியத்துக்குத்தான். பெட்டி அந்த மின்சாரத்தை விநாடிக்கு 44,100 தடவையாவது அளந்து எண்களாக்கி உள்ளே அனுப்புகிறது. இப்படி உள்ளே போவது தந்தியின் வெறும் ஒலி. சதைப்பற்று இல்லாமல், கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருக்கும். ராக் இசையில் கேட்டுப் பழகிய உறுமல் இதில் கிடையாது. உறுமலைப் பின்னால் ஒரு சாஃப்ட்வேர் போட்டுவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரின் வேலையை, ஸ்பீக்கரின் வேலையை, மைக்கின் வேலையை எல்லாம் அதுவே போலச்செய்கிறது.

சரி, உறுமல் முதலில் எங்கிருந்து வந்தது? பழுதிலிருந்து வந்தது. 1951 மார்ச்சில் மிசிசிப்பியிலிருந்து மெம்ஃபிசுக்கு ஒலிப்பதிவுக்குப் புறப்பட்ட ஐக் டர்னரின் கறுப்பின இசைக்குழுவினுடைய ஆம்ப்ளிஃபயர் வழியில் அடிபட்டது. கார் மேலிருந்து விழுந்தது என்கிறார்கள், மழையில் நனைந்தது என்றும் சொல்கிறார்கள். பதிவாளர் சாம் ஃபிலிப்ஸ் ஸ்பீக்கர் கூம்புக்குள் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்ற, வில்லி கிசார்ட் அதிலேயே வாசித்தார். ‘ராக்கெட் 88’ என்ற அந்தத் தட்டில் கேட்கிற கரகரப்பு, நெடுஞ்சாலையில் ஒரு கறுப்பினக் குழுவுக்கு நேர்ந்த விபத்தின் கரகரப்பு. 1958இல் லிங்க் ரே என்பவர் ‘ரம்பிள்’ என்ற துண்டுக்காகத் தன் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். தன்னை ஷானி பூர்வகுடி வம்சாவளியினர் என்று சொல்லிக்கொண்டவர் அவர். பாட்டு வரியே இல்லாத அந்த இசைக்குச் சில வானொலி நிலையங்கள் தடை போட்டன, தெருச்சண்டையைத் தூண்டிவிடுமாம். வார்த்தையே இல்லாத பிரதியைத் தணிக்கை செய்வது என்பது அதிகாரத்துக்கு எவ்வளவு நல்ல காது இருந்தது என்பதற்குச் சான்று.

அப்புறம் நாஷ்வில். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்சின் ‘டோன்ட் வொரி’ பாட்டில் கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பாஸ் கிதார், ஒலிக்கலவை மேஜையில் கெட்டுப்போன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியே போய் வண்டு குடைகிற மாதிரி ஒலித்தது. பதிவாளர் கிளென் ஸ்னாடி என்ன செய்தார் என்றால், அந்தப் பழுதையே வேண்டும்போது செய்துகாட்டுகிற ஒரு சர்க்யூட்டை உருவாக்கிவிட்டார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று காலால் மிதிக்கும் பெட்டியாக்கி விற்பனைக்கு விட்டது. பழுது பண்டமான வருஷம் என்று 1962ஐக் குறித்துக்கொள்ளலாம்.

இன்று ஒரு ஆம்ப் சாஃப்ட்வேரைத் திறந்தால் கிடைப்பது இந்தப் பழுதுகளின் பட்டியல். 1998இல் லைன் 6 நிறுவனம் கொண்டுவந்த ‘பாட்’ என்கிற அவரைக்கொட்டை வடிவச் சிவப்புப் பெட்டியிலிருந்தே இந்தப் பட்டியல் கலாச்சாரம் வீடுகளுக்குள் பரவியது. பட்டியலில் உள்ள பெயர்களைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். ‘பிரிட்’, ‘ட்வீட்’, ‘ரெக்டிஃபைடு’ என்று ஊரையும் உறையையும் சர்க்யூட்டையும் ஜாடை காட்டும் பெயர்கள். அசல் கம்பெனியின் வர்த்தகப் பெயரைச் சொல்லக்கூடாது, ஆனால் வாங்குகிறவனுக்குப் புரிந்துவிட வேண்டும். கணவன் பெயரைச் சொல்லாத நம் அத்தைமார்கள் மாதிரி. ‘பிரிட்’ என்றால் மார்ஷல். அந்த மார்ஷலோ, 1962இல் மேற்கு லண்டனில் ஒரு இசைக்கருவிக் கடைக்காரர் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனைப் பிரித்துப் பார்த்துச் செய்ததில் தொடங்கியது. அதாவது ‘அசல்’ என்று ஒப்பாரி வைக்கப்படும் பொருளே நகல்தான். ஆகவே ‘போலி’ என்ற குற்றச்சாட்டு என்னைப் பொறுத்தவரை செல்லுபடியாகாது. ழான் போத்ரியாவை வைத்து ‘மூலமில்லாத நகல்’ என்று நாலு பக்கம் எழுதிவிட்டுப் போய்விடலாம், எழுதியும் இருப்பார்கள். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் நகல்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. யாருடைய பழுது காப்பாற்றப்பட்டது, யாருடைய பெயர் பட்டியலில் வந்தது என்கிற கேள்வி அப்படியே கிடக்கிறது. கிசார்டின் காகிதம் திணித்த ஸ்பீக்கர் எந்தப் பெயரில் விற்கப்படுகிறது?

*

2004 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட வீட்டு ஒலிப்பதிவு சாஃப்ட்வேரின் பெயர் ‘கராஜ்பேண்ட்’. இந்தப் பெயரை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும். கராஜ் என்பது கார் நிறுத்துகிற கொட்டகை. கார் இருக்க வேண்டும். கார் நிறுத்தத் தனிவீடு இருக்க வேண்டும். அடுத்த வீடு சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். அமெரிக்கப் புறநகர்ப் பையன்கள் 1960களில் கொட்டகைக்குள் ஆம்ப்ளிஃபயரை அலறவிட்டு ஒரு இசை வகையையே உண்டாக்கினார்கள் என்றால், அந்தப் புறநகர் எப்படி வந்தது என்று கேட்டாக வேண்டும். 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது; கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை ‘அபாயம்’ என்று குறித்து ஒதுக்கியது. 1947இல் லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன் குடியிருப்பின் ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். ஊர், சேரி என்று பிரித்துப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சத்தம் போடும் உரிமை சொத்துரிமையின் ஒரு கிளை. வால்வு ஆம்ப்ளிஃபயர் அதன் அழகான உறுமலைக் கொடுப்பதற்கு அதை ஓங்கி முடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கதகதப்பு என்று ஏங்குகிறவர்கள் எந்த வீட்டிலிருந்து ஏங்குகிறார்கள் என்பது விளங்கும்.

ஆக, கொட்டகை இல்லாதவனுக்குக் கொட்டகையின் பெயரை விற்கிறது அந்த சாஃப்ட்வேர். இதில் ஏமாற்று இருக்கிறது, உண்மையான விடுதலையும் இருக்கிறது. இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் பேசுவது இடதுசாரி விமர்சகர்களின் பழைய வியாதி. சென்னையில் எனக்குத் தெரிந்த ஒருவர் நாலு குடித்தனம் இருக்கும் வீட்டில் மாடி போர்ஷனில் இருந்தார். வேலை முடிந்து பதினொரு மணிக்கு மேல்தான் கிதாரை எடுப்பார். ஹெட்ஃபோனுக்குள் அவருக்கு மைதானமே அதிரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மின்விசிறிச் சத்தமும், ஸ்டீல் டம்ளரில் கரண்டி படுகிற மாதிரித் தந்தியின் சின்ன ஒலியும்தான். ஒருநாள் நள்ளிரவில் வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். “ஏன் தம்பி, இன்னும் லைட் எரியுது? மீட்டர் ஓடுதில்ல?” சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உலகத்தின் மிகக் கூச்சலான கருவியை ஒரு மனிதன் யாருக்கும் தெரியாமல் வாசித்துக்கொண்டிருக்க முடிகிறது. வாடகைக்கு இருப்பவர், இரவு ஷிஃப்ட்காரர், மாமியார் வீட்டில் கிதார் வாசிப்பதை விளக்கிச் சொல்ல முடியாத பெண் ஆகியோருக்கு இது சின்ன விஷயமில்லை. (எது சத்தம், எது இசை என்பதைக் காது தீர்மானிப்பதில்லை, தெரு தீர்மானிக்கிறது. பறை இந்த மண்ணில் ‘இரைச்சல்’ என்றும் சாவுமேளம் என்றும் ஒதுக்கப்பட்டதற்கும் சபாக் கச்சேரி ‘நாதம்’ ஆனதற்கும் அதிர்வெண்ணில் காரணம் தேட முடியாது.)

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. யாருக்கும் கேட்காத சத்தம் யாரையும் தொந்தரவு செய்யாது. தொந்தரவு செய்யாத சத்தத்துக்கு அதிகாரம் எப்போதுமே அனுமதி கொடுக்கும். ‘ரம்பிள்’ ஹெட்ஃபோனுக்குள்ளேயே நின்றிருந்தால் அதை எவன் தடை செய்யப் போகிறான்?

ழாக் அத்தாலி 1977இல் பிரெஞ்சில் எழுதிய இரைச்சல் பற்றிய புத்தகம், 1985இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு நம் பக்கத்திலும் சிலரால் படிக்கப்பட்டது. பலி, நிகழ்த்துதல், திரும்பச்செய்தல் என்ற கட்டங்களைத் தாண்டி ‘இயற்றல்’ என்ற ஒரு கட்டம் வரும், அதில் மனிதர்கள் விற்பனைக்காக அல்லாமல் தம் மகிழ்ச்சிக்காகவே இசை செய்வார்கள் என்று அவர் ஆருடம் சொன்னார். வீட்டுக் கம்ப்யூட்டரைக் காட்டி ‘வந்துவிட்டது இயற்றல்’ என்று தோழர்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வந்தது என்னவோ உண்மைதான். கடையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. முன்பு ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் அதோடு முடிந்தது. இப்போது பல நிறுவனங்கள் மாதச் சந்தா வாங்குகின்றன. இதற்கு மாற்றாக, ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ போன்ற திறந்த மூல சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. தன்னிடமுள்ள ஆம்ப்ளிஃபயரின் நடத்தையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்து அந்தக் கோப்பை எவருக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். உண்மையிலேயே மரியாதைக்குரிய காரியம். ஆனால் கொடுக்கப்படும் கோப்புகளைப் பார்த்தால் பெரும்பாலும் மறுபடியும் அதே மார்ஷல், அதே ஃபெண்டர். உடைமையைத் தகர்த்த கை, ரசனையை அப்படியே வைத்திருக்கிறது.

*

அறை பதில் பேசும் என்று சொன்னேன். அதை விளக்குவதற்கு டாம் ஷோல்ஸ் வழியாகப் போவது வசதி. எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர், போலராய்டு நிறுவனத்தில் வேலை. மாசசூசெட்ஸில் தன் வீட்டின் நிலவறையில் டேப் இயந்திரம் வைத்து அவர் பதிவு செய்ததில் பெரும்பகுதிதான் 1976இல் ‘பாஸ்டன்’ குழுவின் முதல் தட்டாக வந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அப்போது அவர் ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் வைத்துத்தான் செய்தார். பிறகு 1982இல் ‘ராக்மேன்’ என்று இடுப்பில் செருகிக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை, ஹெட்ஃபோனிலோ பதிவு மேஜையிலோ நேராகச் செருகலாம். டெஃப் லெப்பர்டு குழுவின் ‘ஹிஸ்டீரியா’ (1987) கிதார்களில் பெரும்பாலானவை இந்தப் பெட்டி வழியாகப் பதிவானவை. போலராய்டு என்றால் என்ன? இருட்டறை இல்லாத போட்டோ. அங்கிருந்து வந்த மனிதர் அறையில்லாத கிதாரைச் செய்தது தற்செயலாக இருக்கலாம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கம்ப்யூட்டர் இன்னும் ஒரு படி மேலே போய் அறையையே கோப்பாக்கிவிட்டது. கிதார் ஸ்பீக்கர் விநாடிக்கு 5,000 அதிர்வுகளுக்கு மேல் போகப்போக ஒலியைக் கைவிட்டுவிடும். அந்தக் கைவிடல் இல்லையென்றால் உறுமல் ஈக்கூட்டம் மாதிரி இரையும். அதனால் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் அதன்முன் வைத்த மைக்கும் ஒரு சோதனை ஒலிக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அளந்து, ஒரு விநாடிக்கும் குறைவான கோப்பாக வைத்துக்கொண்டு, கிதார் ஒலியை அதன் வழியே வடிகட்டுகிறார்கள். இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனம் ஸ்பீக்கரோடு இந்தக் கோப்புகளையும் தனியே விற்கிறது. தூரம்கூடக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஒரு தடவைக்கு 128 அளவீடுகளை வாங்கும்படி வைத்தால், ஒரு போக்கில் மட்டும் ஒலி 2.9 மில்லிவிநாடி பிந்தும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கும் நேரம் அது. 512 என்று வைத்தால் நாலு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சுவர் இல்லை, தூரம் மட்டும் இருக்கிறது.

இந்தக் கோப்பில் ஒன்று மட்டும் வராது. அறையில் ஸ்பீக்கர் அலறும்போது அந்த அதிர்வு காற்றின் வழியே திரும்பி வந்து கிதாரின் தந்தியை ஆட்டும். ஆடிய தந்தி மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். வாசிக்கிறவன் கை எடுத்த பிறகும் கருவி கத்திக்கொண்டே இருக்கும். 1969 ஆகஸ்ட் 18 காலையில் உட்ஸ்டாக்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது குண்டு விழுவதாகவும் அழுவதாகவும் நாம் கேட்பதில் ஒரு பங்கு இந்தச் சுழலின் குரல். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கிதார் தன்னைத் தானே கேட்டது. ஹெட்ஃபோனில் இந்தச் சுழல் அறுந்துவிடுகிறது. தந்திக்கு எதுவும் திரும்பி வருவதில்லை. இதையும் போலச்செய்து காட்டும் பெட்டிகளை விற்கிறார்கள், காலால் மிதித்தால் கத்தும். எப்போது கத்த வேண்டும் என்று உத்தரவு போட முடிகிற இடத்திலேயே விஷயம் செத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று: நேரடிப் பதிவில் வெறும் தந்தி ஒலி தனிக் கோப்பாகத் தங்கிவிடுகிறது. உறுமலை நாளைக்கு மாற்றலாம், அடுத்த வருஷம் மாற்றலாம், வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் கலவையாளரிடம் அனுப்பி அவர் தலையில் கட்டலாம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதைப் பார்த்ததும் மூலமும் உரையும் ஞாபகம் வராமல் இருக்காது. வெறும் ஒலி மூலம். மேலே போடும் ஆம்ப் உரை. நச்சினார்க்கினியர் மாதிரி எங்கேயோ கிடப்பதை எங்கேயோ கொண்டுகூட்டிப் பொருள் பண்ணிவிடலாம், மூலத்துக்குச் சேதமில்லை. இப்படி நினைத்தால் மூலம் தூய்மையானது என்று ஆகிவிடும், சிக்கல் அங்கேதான். வாசித்தவன் வெறும் ஒலியைக் கேட்டுக்கொண்டு வாசிக்கவில்லை. ஹெட்ஃபோனில் உறுமலைக் கேட்டுக்கொண்டுதான் வாசித்தான். உறுமல் ஒலியை நீட்டிக்கொடுக்கும் என்று நம்பி விரலைச் சீக்கிரம் எடுத்தான். உறுமல் மறைத்துவிடும் என்று நம்பி இரண்டு தந்தியில் பிசிறு விட்டான். உரையைக் கேட்டுக்கொண்டே எழுதப்பட்ட மூலம் இது. பின்னால் உரையை மாற்றினால், கை ஒரு உலகத்திலும் ஒலி வேறொரு உலகத்திலும் இருக்கும். இன்றைய வீட்டுப் பதிவுகளில் பல ‘என்னமோ ஒட்டவில்லை’ என்று தோன்றுவதற்கு வால்வு இல்லாதது காரணமில்லை, இந்தப் பிளவு காரணம்.

ஆம்ப்ளிஃபயர் மாதிரி நடிக்காமல் நேரடியாகப் போன கிதாருக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது பேசப்படுவதேயில்லை. 1968 ஜூலையில் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் ‘ரெவல்யூஷன்’ பதிவு செய்தபோது கிதாரை நேரே கலவை மேஜையில் செருகி, மேஜையின் பெருக்கிகளை அளவுக்கு மீறித் திணறவிட்டார்கள். அந்தக் கொடூரமான கிழிசல் எந்த ஆம்ப்ளிஃபயரையும் ஞாபகப்படுத்தாது. கருவியை இப்படி வதைப்பது அந்த நிறுவனத்தின் ஒழுங்குக்கு விரோதம், அதனாலேயே அப்படி ஒலிக்கிறது.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது நைல் ரோட்ஜர்ஸ். இளம்வயதில் நியூயார்க்கில் பிளாக் பேந்தர் இயக்கத்தில் இருந்தவர். ‘ஷிக்’ குழுவின் பல பதிவுகளில் அவர் கிதார் நேராக மேஜைக்குள் போனது, உறுமலும் இல்லாமல், அறையும் இல்லாமல். ‘குட் டைம்ஸ்’ (1979) கேட்டுப் பாருங்கள். மணிக்கட்டு தாளக்கருவியாகிவிட்டது; தந்தியைத் தொடுகிற ஒலியும் தொட்டுவிட்டு அமுக்குகிற ஒலியும் சம உரிமையோடு நிற்கின்றன. மறைத்துக்கொள்ள இடமே இல்லாத வாசிப்பு. ரோலான் பார்த் குரலில் உடலின் சொரசொரப்பைத் தேடினார். இங்கே அது கையில் இருக்கிறது. அதே 1979 ஜூலை 12இல் சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் ராக் ரசிகர்கள் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கறுப்பினத்தவரும் ஒருபாலீர்ப்பினரும் கொண்டாடிய நடன இசைமீது இருந்த வெறுப்பு அது என்று பின்னால் பலரும் எழுதினார்கள். வெள்ளை ஆண் ராக் விமர்சனம் ‘அசல்’ என்று கட்டமைத்தது ஆம்ப்ளிஃபயரின் உறுமலைத்தான். நேரடிக் கிதாரின் சுத்தமான வெட்டு அதற்கு ‘பிளாஸ்டிக்’. இன்று ஆம்ப் சாஃப்ட்வேர்கள் நமக்குக் கொடுக்கும் பட்டியல் இந்த மதிப்பீட்டின் மேல்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபயரே தேவைப்படாத வழியைத் தேர்ந்துகொண்டு, அதன்பின் ஆம்ப்ளிஃபயர் இருப்பதாகப் பாவனை செய்ய மொத்த உழைப்பையும் செலவிடுகிறோம்.

அண்மையில் தங்கள் பதிவுகளை விமர்சனத்துக்காக அனுப்புகிற இளைஞர்களிடம் உரை நீக்கிய வெறும் கிதார்க் கோப்பையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறேன். அது அசல் என்பதற்காகக் கேட்கவில்லை. கை எந்த உறுமலை நம்பி எதைச் சோம்பலாக விட்டிருக்கிறது, எங்கே நம்பாமல் தானே வேலை செய்திருக்கிறது என்று அதில் தெரியும். சிலர் அனுப்புகிறார்கள். அம்மணமாக இருக்கும் சார், வேண்டாம் என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். ஒருவர் அனுப்பிய கோப்பில் கிதாருக்குப் பின்னால் எர்த் சரியில்லாத வீட்டு ஒயரிங்கின் ‘உம்ம்’ என்ற ஒலி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. 50 அதிர்வு, நம் மின்வாரியத்தின் சுருதி. உறுமல் போட்ட பதிப்பில் அதைத் துப்புரவாக நீக்கியிருந்தார். அதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.